கோப்பை மாற்றிய பிறகும் அகப்பக்கத்தில் பழையதே வருகிறதா? ஹோஸ்டிங் கணக்கில் ஓபிகேஷைக் கையாளும் முறை

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சேலைக் கடை, தீபாவளிக்காகத் தன் அகப்பக்கத்தில் ஒரு விலையை 189 வெள்ளியிலிருந்து 159 வெள்ளியாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை எழுதியிருந்த பிஎச்பி (சர்வரில் ஓடி அகப்பக்கத்தை உருவாக்கும் நிரல் மொழி) கோப்பைத் திருத்தி ஏற்றியாயிற்று. ஃபைல் மேனேஜரில் திறந்து பார்த்தால் 159 என்றே இருக்கிறது. வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் மட்டும் 189. கோப்பு சரியாக ஏறவில்லை போலும் என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஏற்றுவார்கள். பிறகு பயந்துபோய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறு கோப்பில் கை வைப்பார்கள். உண்மையான சேதம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

வட்டில் இருக்கும் கோப்பும் சர்வர் அந்த நொடியில் ஓட்டும் நிரலும் வேறாக இருக்க முடியும். அந்த இடைவெளியை உண்டாக்குவது ஓபிகேஷ், அதாவது ஒருமுறை படித்த பிஎச்பி நிரலை மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் பகுதி (அப்படிச் சேமித்து வைப்பதே கேஷ்). அதை எப்படிப் பார்ப்பது, எதை மாற்றலாம், எப்போது காலி செய்யலாம் என்பதைப் புதியவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறோம். அமைப்புகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். முன்னால் ஓபிகேஷ் என்ற சொல்லும் ஒரு புள்ளியும், அடுத்த சொற்களுக்கு நடுவே அடிக்கோடும் வரும்.

உள்ளே நடப்பது என்ன?

ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது பிஎச்பி அந்தக் கோப்பை வட்டிலிருந்து படிக்கிறது, சொல் சொல்லாகப் பிரிக்கிறது, இலக்கணம் சரியா என்று பார்க்கிறது, ஓப்கோட் எனப்படும் கட்டளைகளாக மாற்றுகிறது, அதன் பிறகே ஓட்டுகிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரே பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான கோப்புகள் இப்படிப் படிக்கப்படும். அடுத்த வாடிக்கையாளர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஓபிகேஷ் அந்த ஓப்கோடை சர்வரின் பகிர்வு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை படிப்பதும் பிரிப்பதும் இல்லை, நேரே ஓட்டம்தான். 2013இல் வந்த பிஎச்பி 5.5 முதல் இது பிஎச்பியுடன் சேர்ந்தே வருகிறது.

இது சேமித்து வைப்பது பிஎச்பி நிரலை மட்டுமே. படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், தரவுத்தளத்தில் உள்ள விலை, பதிவு, மெனு எதுவும் இதற்குள் வராது. வேர்ட்பிரஸின் கடைப் பிளக்கினான வூகாமர்ஸில் பொருளின் விலையை நிர்வாகப் பக்கத்தில் மாற்றிவிட்டு ஓபிகேஷைக் காலி செய்வதில் பயனே இல்லை. அந்த விலை இருப்பது தரவுத்தளத்தில்.

படி 1: எந்தக் கேஷ் என்று கண்டுபிடியுங்கள்

வாடிக்கையாளரின் பிரவுசர், கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் (பக்கங்களின் பிரதியைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை), லைட்ஸ்பீட் கேஷ் போன்ற பக்கக் கேஷ் (முழுப் பக்கத்தையும் சேமிப்பது), ரெடிஸ் போன்ற ஆப்ஜெக்ட் கேஷ் (தரவுத்தள விடைகளைச் சேமிப்பது), கடைசியாக ஓபிகேஷ். பழைய பக்கம் இந்த ஐந்தில் எதிலிருந்தும் வரலாம். எல்லாவற்றையும் ஒன்றாக அழித்தால் பிரச்சினை தீரும். ஆனால் காரணம் தெரியாது, அடுத்த வாரம் திரும்பவும் வரும்.

ஓபிகேஷ்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. எந்த நிரலும் இல்லாத ஒரு சிறு பிஎச்பி கோப்பை உருவாக்கி, அதில் ‘ஒன்று’ என்று மட்டும் எழுதி, பிரவுசரில் ஒரு முறை திறங்கள். அடுத்து ‘இரண்டு’ என்று மாற்றிச் சேமித்து, முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்துத் திறங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றுங்கள். எண் மாறுவதால் பிரவுசருக்கும் சிடிஎன்னுக்கும் பக்கக் கேஷுக்கும் பெரும்பாலும் அது புதிய முகவரி, பழையதைக் கொடுக்க முடியாது. ஓபிகேஷுக்கோ கோப்பின் பாதைதான் அடையாளம், எண்ணை அது பார்ப்பதே இல்லை. அப்போதும் ‘ஒன்று’ என்றே வந்தால் ஓபிகேஷ்தான். எத்தனை நொடி கழித்து ‘இரண்டு’ வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படி 3இல் தேவைப்படும்.

படி 2: இருப்பதைப் பாருங்கள்

சிபேனல் (ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பலகை) கணக்கில் ‘மல்டி பிஎச்பி மேனேஜர்’ அல்லது ‘செலக்ட் பிஎச்பி வெர்ஷன்’ என்ற பகுதியில் உங்கள் டொமைன் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று தெரியும். இரண்டாவது பகுதி இருந்தால், அதன் எக்ஸ்டென்ஷன்ஸ் தாவலில் ஓபிகேஷுக்கு எதிரே டிக் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பிறகு, யாரும் ஊகிக்க முடியாத நீண்ட பெயரில் ஒரு பிஎச்பி கோப்பு செய்து, அதில் பிஎச்பிஇன்ஃபோ ஃபங்ஷனை அழைக்கும் ஒற்றை வரியை எழுதிப் பிரவுசரில் திறங்கள். மேலே ‘சர்வர் ஏபிஐ’ என்ற வரி. அங்கே எஃப்பிஎம் என்றோ லைட்ஸ்பீட் என்றோ இருந்தால் நல்லது. இவை பிஎச்பியை, மடியாமல் தொடர்ந்து இயங்கும் புரோசஸ்களில் (ஓடும் நிரல்களில்) ஓட்டும் முறைகள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய புரோசஸ் தொடங்கி உடனே மடியும் பழைய சிஜிஐ அமைப்பில், சேமித்ததும் அந்தப் புரோசஸோடு போய்விடும். ஓபிகேஷ் இருந்தும் பயனில்லை. அப்படியிருந்தால் எஃப்பிஎம்முக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதைச் செய்வதைவிடவும் அது அதிக வேகம் தரும்.

கீழே ‘ஜென்ட் ஓபிகேஷ்’ என்ற தனிப் பகுதி வரும். ‘அப் அண்ட் ரன்னிங்’ என்று இருந்தால் இயங்குகிறது. அதன் கீழே ஹிட்ஸ் (கேஷில் கிடைத்தவை), மிஸ்ஸஸ் (கிடைக்காதவை), பயன்பட்ட நினைவகம், காலி நினைவகம், வீணான நினைவகம், கேஷ்ட் ஸ்கிரிப்ட்ஸ் (சேமித்த கோப்புகள்), மேக்ஸ் கீஸ் (கோப்பு இடங்களின் உச்ச எண்ணிக்கை), ஓஓஎம் ரீஸ்டார்ட்ஸ் (இடம் தீர்ந்து மறுதொடக்கம் ஆன தடவைகள்) ஆகிய எண்கள். நினைவக அளவுகள் பைட்டில் இருக்கும். 134217728 என்று கண்டால் அது 128 எம்பி. இந்த எண்களை எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும். உங்கள் சர்வரின் பாதைகளும் பதிப்புகளும் அதில் வெளிப்படையாகத் தெரிகின்றன.

ஹிட்ஸை ஹிட்ஸ், மிஸ்ஸஸ் இரண்டின் கூட்டலால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ஒரு நாளாவது ஓடிய தளத்தில் 99க்கு மேல் வர வேண்டும். சர்வர் இப்போதுதான் மறுதொடக்கம் ஆகியிருந்தால் குறைவாக இருப்பது இயல்பு.

படி 3: நேரச் சோதனை

இரண்டு அமைப்புகள்தான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். ‘வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்’ 1 என்றிருந்தால், கோப்பு மாறியிருக்கிறதா என்று ஓபிகேஷ் அவ்வப்போது பார்க்கும். எத்தனை நொடிக்கு ஒருமுறை என்பதை ‘ரீவேலிடேட் ஃப்ரீக்’ சொல்கிறது. பிஎச்பி தருவது 2 நொடி. சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் வட்டின் சுமையைக் குறைக்க 60 நொடியோ அதற்கு மேலோ வைத்திருக்கும். படி 1இல் நீங்கள் குறித்த நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்றால், எதுவும் கெட்டுப்போகவில்லை, இந்த எண் 60ஆக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நிமிடம் காத்திருங்கள்.

வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ் 0 என்று இருந்தால் ஓபிகேஷ் கோப்பைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. காலி செய்யும் வரை பழைய நிரல்தான். பெரிய குழுக்கள், ஏற்றும் வேலையோடு காலி செய்வதையும் தானியங்கியாக்கி, இப்படி வைப்பதுண்டு. பகிர்வு ஹோஸ்டிங்கில் கடை நடத்துபவர் இதைத் தொடவே வேண்டாம். கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒரு நாள் மறந்தால் பழைய விலையில் ஆர்டர் எடுக்க நேரிடும். தளத்தில் வேலை நடக்கும் நாட்களில் 2, வேலை முடிந்தபின் 60, இதுவே எங்கள் பரிந்துரை.

இந்த இரண்டையும் நீங்களே மாற்றலாம். தளத்தின் முதன்மை அடைவில் ‘.யூசர்.ஐஎன்ஐ’ என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதினால் போதும். பிஎச்பி அந்தக் கோப்பை 300 நொடிக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும் என்பதை மறந்து, மாற்றம் வேலை செய்யவில்லை என்று பலர் அடுத்தடுத்து திருத்துகிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அதே வரியை பிஎச்பி வேல்யூ என்ற கட்டளையாக ‘.எச்டிஅக்சஸ்’ கோப்பில் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இணையத்தில் நிறைய உள்ளன. அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளின் பின்னால் எஃப்பிஎம் ஓடும் கணக்கில் அப்படிப் போட்டால் தளம் முழுவதும் 500 பிழை காட்டும். வரியை நீக்கினால் உடனே திரும்பும்.

ஜிப் கோப்பும் எட்டு மணி நேரமும்

மலேசியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு சர்வரைப் பயன்படுத்துவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இன்னும் எழுதி முடிக்கப்படாத கோப்பைச் சேமித்துவிடக் கூடாது என்பதற்காக, 2 நொடிக்குள் மாறிய கோப்பை ஓபிகேஷ் சேமிப்பதில்லை. ‘ஃபைல் அப்டேட் புரொடெக்ஷன்’ என்பது இதுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருந்தால்?

ஜிப் கோப்பின் அடிப்படை வடிவம் உள்ளூர் நேரத்தை மட்டுமே பதிகிறது. எந்த நாட்டு நேரம் என்று பதிவதில்லை. கோலாலம்பூரில் மாலை 3 மணிக்கு உங்கள் கணினியில் திருத்திய கோப்பை ஜிப்பாகக் கட்டி ஏற்றி, கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம், நமக்கு எட்டு மணி நேரம் பின்னே) இருக்கும் சர்வரில் விரித்தால், கோப்பின் நேரம் யுடிசி 3 மணி என்று பதிவாகிவிடக்கூடும். அது நம் நேரப்படி இரவு 11 மணி. அதுவரை, ஓபிகேஷின் கணக்கில் அந்தக் கோப்புகள் ‘இப்போதுதான் மாறியவை’. ஒவ்வொரு வருகைக்கும் அவை மறுபடி மறுபடி படிக்கப்படும். மாலை முழுவதும் தளம் மந்தமாக இருந்து, இரவில் தானாகவே சரியாகும். காரணம் தேடினால் பிளக்கின், தீம், கூட்டம் என்று எதையெதையோ சந்தேகிக்கத் தோன்றும்.

ஃபைல் மேனேஜரில் ‘லாஸ்ட் மாடிஃபைட்’ நெடுவரிசையைப் பாருங்கள். நேரம் முன்னே தள்ளி இருந்தால், டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) வசதி இருப்பவர் டச் கட்டளையால் எல்லாக் கோப்புகளின் நேரத்தையும் இப்போதைய நேரமாக்கலாம். டெர்மினல் இல்லையென்றால், ஜிப்பை விட்டுவிட்டு எஸ்எஃப்டிபி (கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் பாதுகாப்பான முறை) வழியாக நேரடியாக ஏற்றுங்கள்.

படி 4: இடம் போதுமா?

மூன்று அளவுகள் முக்கியம். ‘மெமரி கன்சம்ப்ஷன்’, தானாக வருவது 128 எம்பி. ‘மேக்ஸ் ஆக்ஸிலரேட்டட் ஃபைல்ஸ்’, 10000. இதை பிஎச்பி ஒரு குறிப்பிட்ட பகா எண் பட்டியலில் அடுத்து வரும் எண்ணுக்கு உயர்த்திக்கொள்ளும், ஆகவே 10000 என்று எழுதினால் மேக்ஸ் கீஸ் 16229 என்று காட்டும், 20000 என்றால் 32531. மூன்றாவது ‘இன்டர்ன்ட் ஸ்டிரிங்ஸ் பஃபர்’, 8 எம்பி.

கேஷ் நிறையும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் மோசமான விஷயம். ஒரு கோப்பை மாற்றினால் அதன் பழைய பிரதி நினைவகத்தில் வீணாகக் கிடக்கும், அந்த இடம் உடனே திரும்பாது. வீணான பகுதி 5 விழுக்காட்டைத் தாண்டியிருந்து, இடமும் தீர்ந்தால், ஓபிகேஷ் தன்னை முழுவதும் காலி செய்துகொண்டு புதிதாகத் தொடங்கும். 128 எம்பியில் அது 6.4 எம்பி. ஓஓஎம் ரீஸ்டார்ட்ஸ் எண் ஏறுவது அப்போதுதான். வீணானது 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து இடம் மட்டும் தீர்ந்தால், ஒன்றுமே நடக்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பவை உள்ளேயே இருக்கும், புதியவை வெளியேயே நிற்கும். அந்தப் பக்கங்கள் மட்டும் நாள் கணக்கில் மெதுவாக ஓடும். காலி நினைவகம் ஓரிரு எம்பிக்குக் கீழே கண்டால் இந்த நிலை என்று கொள்ளுங்கள்.

மெமரி அளவையும் கோப்பு எண்ணிக்கையையும் நீங்கள் .யூசர்.ஐஎன்ஐயில் எழுதினாலும் பயனில்லை. பிஎச்பி தொடங்கும்போதே அவை முடிவாகிவிடும், சர்வர் நிர்வாகிதான் மாற்ற முடியும். உங்கள் கையில் இருப்பது சுமையைக் குறைப்பது. வேர்ட்பிரஸின் மூலத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஎச்பி கோப்புகள் உள்ளன. ஓபிகேஷ் பாதையை வைத்தே அடையாளம் காண்பதால், ஒரே கணக்கில் உண்மையான தளம், சோதனைத் தளம், போன வருடத்துப் பழைய தளம் என மூன்று பிரதிகள் இருந்து மூன்றையும் யாராவது, தேடுபொறியின் ரோபோவாவது, திறந்தால் மூன்றும் தனித்தனியாக இடம் பிடிக்கும். தேவையற்றதை அழியுங்கள்.

இன்டர்ன்ட் ஸ்டிரிங்ஸ் பற்றித் தமிழில் தளம் நடத்துபவர் தனியாகக் கவனிக்க வேண்டும். நிரலில் வரும் சொற்களும் தொடர்களும் ஒரே ஒரு முறை சேமிக்கப்படும் இடம் அது. 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 முதல் மொழிபெயர்ப்புகளும் பிஎச்பி கோப்புகளாக வருவதால், அவையும் ஓபிகேஷுக்குள் நுழைகின்றன. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக் கடையின் தளம் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் இருந்தால், நிர்வாகப் பக்கம் முதல் கடைப் பக்கம் வரையுள்ள தொடர்கள் எல்லாம் மொழிக்கு ஒரு தடவை உள்ளே போகும். மலாய் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘வணக்கம்’ என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள், அதாவது 21 பைட். பிளக்கின்கள் கூடக்கூட 8 எம்பி எளிதில் நிறைந்துவிடும். பிஎச்பிஇன்ஃபோவில் இன்டர்ன்ட் ஸ்டிரிங்ஸின் காலி இடம் பூஜ்யத்தை நெருங்கியிருந்தால், 16 எம்பியாக உயர்த்தித் தரும்படி கேளுங்கள். நிர்வாகிக்கு அது ஒரு வரி வேலை.

படி 5: காலி செய்வது

முதலில் சிறியது. ஒரே ஒரு கோப்புதான் பழையதாக நிற்கிறதென்றால் ‘ஓபிகேஷ் இன்வேலிடேட்’ ஃபங்ஷனுக்கு அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, இரண்டாவது இடத்தில் ட்ரூ என்று எழுதி அழையுங்கள். ட்ரூ இல்லாவிட்டால், கோப்பின் நேரம் புதிதாக இருந்தால் மட்டுமே நீக்கும். மற்ற கோப்புகள் அப்படியே இருக்கும், தளத்தில் யாருக்கும் தடங்கல் தெரியாது.

வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தின் வழியாகப் பிளக்கினைப் புதுப்பித்தால் இதுகூட வேண்டாம். 2020இல் வந்த 5.5 பதிப்பு முதல் அதுவே செய்துவிடுகிறது. எஃப்டிபி வழியாக ஏற்றினாலோ ஃபைல் மேனேஜரில் திருத்தினாலோ அது நடக்காது.

முழுவதையும் காலி செய்வது ‘ஓபிகேஷ் ரீசெட்’. டெர்மினலிலோ கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலையிலோ பிஎச்பி கட்டளையால் இதை ஓட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கும் வலைப்பக்கத்தை ஓட்டும் பிஎச்பிக்கும் நினைவகம் வேறு. வலையின் நினைவகத்தைக் காலி செய்ய, வலை வழியாகவே அழைக்க வேண்டும். ரீசெட் வரியைக் கொண்ட கோப்பைத் தளத்தில் வைத்து, பிரவுசரிலோ கிரானில் கர்ல் (ஒரு முகவரியைத் திறக்கும்) கட்டளையாலோ திறங்கள். நீண்ட ரகசியச் சொல் முகவரியில் இல்லாமல் வந்தால் எதுவும் செய்யாமல் நிற்கும்படி எழுதுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். திறந்தபடி விட்டால் எவரும் நிமிடத்துக்கு நூறு முறை உங்கள் கேஷைக் காலி செய்யலாம்.

ஒரே கணக்கில் ஒரு டொமைன் பிஎச்பி 8.1இலும் மற்றொன்று 8.3இலும் ஓடினால் அவற்றின் நினைவகங்கள் தனித்தனி. எந்தத் தளம் பழையதைக் காட்டுகிறதோ அதிலிருந்தே ரீசெட்டை அழையுங்கள். மாறாக, எஃப்பிஎம்மில் ஒரே மாஸ்டர் புரோசஸின் கீழ் இருக்கும் எல்லாத் தளங்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. சில சர்வர்களில் அது பக்கத்து வாடிக்கையாளரின் தளங்களையும் சேர்த்து. நீங்கள் ரீசெட் செய்தால் அவர்களுடையதும் காலியாகும். அதனால்தான் பல நிறுவனங்கள் இந்த ஃபங்ஷன்களை மூடி வைத்திருக்கின்றன. மூடியிருந்தால் குறுக்குவழி தேடாமல், பிஎச்பியை ரீஸ்டார்ட் செய்து தரும்படி கேளுங்கள்.

நேரமும் முக்கியம். ரீசெட்டுக்குப் பின் முதலில் வருபவர்கள் எல்லோருக்காகவும் சர்வர் ஒரே நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் புதிதாகப் படிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய இரவு, பத்துமலைக்குப் போகும் வழியும் தண்ணீர் பந்தல் விவரமும் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்துகொண்டிருக்கும் கோவில் தளத்தில் ரீசெட் செய்தால், சிறிய கணக்கின் சிபியு வரம்பு முட்டி 503, 508 போன்ற பிழைகள் வரக்கூடும். அதிகாலை நான்கு மணிக்குச் செய்யுங்கள். முடிந்ததும் முகப்பையும் முக்கியப் பக்கங்கள் நாலைந்தையும் நீங்களே ஒரு முறை திறந்துவிடுங்கள். அடுத்து வருபவருக்குக் கேஷ் தயாராக இருக்கும்.

ஏற்றும்போது பாதி பழையது, பாதி புதியது

400 கோப்புகள் உள்ள பிளக்கினை எஃப்டிபியில் ஏற்ற மூன்று நிமிடம் ஆகிறது என்றால், அந்த மூன்று நிமிடமும் ஓபிகேஷ் சிலவற்றைப் புதிதாகவும் சிலவற்றைப் பழையதாகவும் வைத்திருக்கும். ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று பக்கம் வெடிப்பது இதனால். புதிய பெயரில் ஓர் அடைவில் முழுவதையும் ஏற்றி முடித்து, பிறகு பழைய அடைவின் பெயரையும் புதியதன் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள். கலப்புக்கான நேரம் மூன்று நிமிடத்திலிருந்து ரீவேலிடேட் ஃப்ரீக்கின் சில நொடிகளுக்குக் குறையும். சிம்லிங்க் (வேறோர் அடைவைச் சுட்டும் இணைப்பு) மாற்றி ஏற்றுபவர்கள், பிஎச்பி பாதைகளை 120 நொடி வரை தனியாக நினைவில் வைத்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றும்போதும் இதே சிக்கல். வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் புதியதை எழுதினாலும், ஃப்ரீக் 60 என்றால் ஒரு நிமிடம் வரை பழைய கடவுச்சொல்லே போகும். ‘தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை’ என்று வந்தால் பதறி மறுபடி மாற்றாதீர்கள்.

தொட வேண்டாதவை

‘சேவ் கமென்ட்ஸ்’ 1 ஆகவே இருக்கட்டும். நிரலுக்குள் எழுதிய குறிப்புகளை (கமென்ட்ஸ்) படித்து இயங்கும் சில நிரல்கள், இதை 0 ஆக்கினால் உடைந்துவிடும். பிஎச்பி 8.0இல் வந்த ஜிட் (ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி), கணக்கீடு மிகுந்த நிரலுக்கு உதவும். தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் கடைத் தளத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது

‘என் தளம் மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால், பெரும்பாலும் பெரிய பேக்கேஜ் வாங்கச் சொல்லும் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: என் டொமைன் எஃப்பிஎம்மிலா லைட்ஸ்பீடிலா ஓடுகிறது? ஓபிகேஷ் நினைவகம் எனக்கு மட்டுமா, மற்றவர்களோடு பகிர்வா? மெமரி கன்சம்ப்ஷனும் இன்டர்ன்ட் ஸ்டிரிங்ஸும் எத்தனை எம்பி? ரீவேலிடேட் ஃப்ரீக் எத்தனை நொடி? படி 2இல் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் எதையாவது மாற்றிய மறுநாள், அதே பக்கத்தை மறுபடி உருவாக்கி, ஹிட்ஸ் விகிதத்தையும் காலி நினைவகத்தையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.